கரிக்குள் இருந்த கால்

அந்தப் படம் வந்த வாரம், திருச்சானூர் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் சவாரி கூப்பிடுவதைக்கூட மறந்துவிட்டு டிரைவர்கள் எல்லாம் செல்போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வடக்கே ஒரு பெரிய சந்தையில் குண்டு வைத்துவிட்டு ஓடியவர்களைப் போலீஸ் ஊர் ஊராகத் துரத்தி, கடைசியில் திருப்பதியில் ஒரு சந்துக்குள் வளைத்த கதை. சினிமா இல்லை. அப்போது துரத்தியவர்களே உட்கார்ந்து பேசுகிற படம். தன் தெரு படத்தில் வந்தால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்?

கங்கையா மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன் ஆட்டோவை நிறுத்தும்போதே சத்தம் போட்டான்.

"ஏமே ரத்னம்மா! நம்ம சந்து வருதுமே படத்துல. இடிஞ்ச நம்ம செவுரக்கூட காட்றான்!"

"செவுரு இடிஞ்சப்போ எவனும் எட்டிப் பாக்கல. இப்போ படம் புடிக்கிறானுங்களா?" என்றாள் ரத்னம்மா. ஆனாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

மகள் சந்தியா போனை அரிசி டின் மேல் சாய்த்து வைத்தாள். டிகிரி முதல் வருஷம் படிக்கிறவள். அந்தச் சம்பவம் நடந்தபோது தூளிக்குக் கால் நீளமாகிவிட்ட பிறகும் தூளியில்தான் தூங்குவேன் என்று அடம் பிடித்த குழந்தை.

படத்தில் முதலில் இரண்டு போட்டோக்கள் வந்தன. தாடியும் அடர்ந்த முடியுமாக இரண்டு பேர். நாடு முழுக்க ஒட்டியிருந்த போட்டோ அது. ரத்னம்மாவுக்கு இப்போதும் அவர்களை அந்த முகத்தோடு நினைத்துப் பார்க்க முடியவில்லை. அடுத்த வீட்டில் குடிவந்தபோது இரண்டு பேரும் மொட்டை. திருப்பதியில் மொட்டைத் தலையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? மலைக்குப் போய் வந்தவர்கள் என்று நினைத்து வீட்டுக்காரர் சாவியைக் கொடுத்தார். ரத்னம்மாவே ஒரு நாள் மதிலுக்கு மேலாகத் தோசைக்கரண்டி கொடுத்து வாங்கியிருக்கிறாள். ஆயிரம் மொட்டைகளுக்கு நடுவில் இரண்டு மொட்டை. இதைவிட நல்ல ஒளிவிடம் உலகத்தில் உண்டா?

பிறகு ஒரு பெரியவர் திரையில் வந்தார். பெயர் ரமணா, ஓய்வு பெற்ற ஹெட் கான்ஸ்டபிள், சித்தூர் என்று கீழே எழுத்து ஓடியது. திருப்பதியின் அம்மன் திருவிழாவான கங்கம்மா ஜாத்திரை நடந்துகொண்டிருந்த வாரம் அது என்று சொன்னார். ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்களா என்று சந்துக்குள் போய்ப் பார்த்து வர ஒருவர் வேண்டியிருந்தது. அவருடைய அம்மா பிறந்த ஊர் திருப்பதி. சின்ன வயதில் வருஷாவருஷம் ஜாத்திரையில் அம்மனுக்கு வேஷம் கட்டியவர். "உடம்பெல்லாம் கரி பூசி, வேப்பிலை கட்டிக்கொண்டு போனேன். ஜாத்திரையில் கரி வேஷத்தை யார் சந்தேகப்படுவார்கள்?"

ரத்னம்மா போனைக் கிட்டே இழுத்துக்கொண்டாள்.

"வீடு வீடாகப் பிச்சை கேட்டேன். ஒரு வீட்டின் கொல்லையிலிருந்து பார்த்தால் அவர்களுடைய ஜன்னல் நேராகத் தெரியும். உள்ளே போனேன். அந்த வீட்டு அம்மா என் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, வாக்கு கொடு தாயே என்று கேட்டுவிட்டார். யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்பது எனக்கு உத்தரவு. நல்லா இரு என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வேறு என்னவோ வந்தது."

என்ன வந்தது என்று கேள்வி கேட்கிறவர் கேட்டார். பெரியவர் தலையாட்டினார். "அது எனக்கும் அந்த அம்மாவுக்கும்."

அப்புறம் லேசாகச் சிரித்தார். "எல்லாம் சரியாகச் செய்தேன். ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். வருஷக்கணக்காக ஷூ போட்ட கால். தண்ணீர் பட்டதும் கரி போய், கணுக்கால் வரைக்கும் வெள்ளையாகத் தெரிந்தது. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அந்த அம்மா அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்."

சந்தியா வாய்விட்டுச் சிரித்தாள். "எம்மா! உன் அம்மவாரு போலீசுமா!"

கங்கையாவும் சிரிக்கத்தான் வாயெடுத்தான். பெண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

அந்தக் கால்களை ரத்னம்மா மறக்கவே இல்லை. அவள் நகரிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். கூலிக்குப் போன குடும்பம். அவள் ஊரில் வேஷம் கட்டியவன் வாசலில் வந்து நின்றால் அவன் ஆளில்லை, அம்மன்; அம்மவாரு. காலுக்குத் தண்ணீர் ஊற்றி வாக்குக் கேட்பார்கள். திருப்பதியில் அப்படிக் கிடையாது. காசு போடுவார்கள், வேஷக்காரன் வாய்க்கு வந்தபடி ஏசுவான், சிரித்துக்கொண்டு கதவைச் சாத்துவார்கள். அந்த வருஷம்தான் அவர்கள் இங்கே குடிவந்த முதல் ஜாத்திரை. ஊர் வழக்கம் தெரியாமல் தன் ஊர்ப் பழக்கத்தில் செம்பை எடுத்துவிட்டாள். தண்ணீர் ஓடிய இடத்தில் கரி விலகி வெள்ளை வெளேரென்று பாதம் தெரிந்தபோது உடம்பே சிலிர்த்துப்போயிற்று. வெயிலும் மண்ணும் படாத கால் மனுஷனுக்கு ஏது? தலை நிமிர்ந்து முகத்தைப் பார்க்கக்கூடத் துணியவில்லை. வாக்கை மட்டும் கேட்டுக்கொண்டாள். சாயங்காலமே கங்கையாவோடு சண்டை போட்டு, ஜாத்திரைச் சவாரியை விட்டுவிட்டு, குழந்தையோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள். மறுநாள் விடியலில் சந்தில் துப்பாக்கி வெடித்தது. அடுத்த வீட்டில் இருந்தவர்கள் எதையோ வெடிக்க வைக்க, ரத்னம்மா வீட்டுச் சுவர் விழுந்தது. தூளி தொங்கிய பக்கத்துச் சுவர்.

பன்னிரண்டு வருஷமாக அவள் பொங்கல் வைத்தது அந்தக் கால்களுக்கு. அம்மவாரு வாக்குக் கொடுத்த வீடு என்று சந்தே அவளைக் கும்பிட்டது. இப்போது அந்தப் பொங்கலெல்லாம் யாருக்குப் போயிற்று?

அதற்கு மறுநாள் குழாயடியில் பிரேமலதா ஆரம்பித்தாள். "இன்னா ரத்னம்மா, உங்க அம்மவாருக்கு மாசாமாசம் பென்ஷன் வருதாமே!"

சுற்றி நின்றவர்கள் குடம் நழுவச் சிரித்தார்கள். வாய்க்கு வாய் கொடுக்கிறவள்தான் ரத்னம்மா. அன்றைக்குப் பாதிக் குடத்தோடு திரும்பிவிட்டாள்.

ஜாத்திரைக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். அந்த வருஷம் முதல்முறையாக அவள் பொங்கல் பானையைப் பரணிலிருந்து இறக்கவில்லை. கங்கையா இரண்டு நாள் பார்த்தான். சோறு தின்னும்போது மெதுவாகப் பேச்சை எடுத்தான்.

"எவன் சொன்னா இன்னாமே. பொண்ணு உசுரோட கீது. அது போதாதா?"

"போதாதுய்யா. யாருக்குத் தண்ணி ஊத்தினேன்னு எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சி?"

"ஆளுக்கு ஊத்தியிருந்தா ஆளுக்குக் கும்புடு போட்டுட்டு வரேன். இல்லன்னா பானைய எறக்கறேன். நடுவுல நிக்க முடியல என்னால."

மறுநாளே மூன்று பேரும் சித்தூர் பஸ் ஏறினார்கள். சந்தியா ஸ்டாண்டுக்காரர்கள் மூலமாக விசாரித்து முகவரி வாங்கியிருந்தாள். கேலி செய்தவள்தான். அம்மா குழாயடியிலிருந்து பாதிக் குடத்தோடு வந்ததைப் பார்த்த பிறகு அவளுக்கும் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

ரமணாவின் மனைவி ஸ்வர்ணலதா கதவைத் திறந்தாள். படம் பார்த்துவிட்டு ஆள் ஆளாக வந்துகொண்டிருந்ததால், "சாரு தூங்கறாரு" என்று சொல்லிப் பழகியிருந்தாள். ரத்னம்மா, "தண்ணி ஊத்தினவ வந்திருக்கேன்னு சொல்லுங்க" என்றாள்.

உள்ளேயிருந்து நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பெரியவர் லுங்கியோடு வெறுங்காலில் வந்து நின்றார். சித்தூர்க்காரர் என்பதால் தமிழ் நன்றாகவே வந்தது.

"நீயா தாயே, நீயா தல்லி? நீ இருக்கியா?" என்றார். "செவுரு வுழுந்துச்சுன்னு தெரியும். ஆளுங்க இல்லன்னு சொன்னாங்க. நெஜமா வூட்ட வுட்டுப் போயிட்டியா, இல்ல சும்மா சொல்றாங்களான்னு எனக்குத் தெரியாது. விசாரிக்கப் பயம்."

ரத்னம்மா உட்காரவில்லை. "நீங்க அன்னிக்கு இன்னா சொன்னீங்க? அத மட்டும் சொல்லுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"பொழுது எழும்போது இந்த வூட்ல இருக்காதேன்னு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். வாயத் தொறந்ததுக்கு எங்க ஆபீசரு காச்சி எடுத்துட்டாரு. ஆனா தல்லி, ஒண்ணு கேட்டுக்கோ. நான் சும்மா பாத்துட்டு வரப் போனவன். விடியக்காலையில சுத்தி வளைக்கிறதுன்னு முடிவு பண்ணது அப்புறம்தான், நான் திரும்பிப் போய் ஜன்னல்ல ஆள் கீதுன்னு சொன்னப்புறம். பொழுது எழும்போதுன்னு மத்தியானமே என் வாய்ல எப்படி வந்துச்சு? இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

ரத்னம்மா சந்தியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குச் சொன்னது அது மட்டும் இல்ல. 'கொழந்தய தூக்கிக்கினு போயிடு, பொழுது எழும்போது இந்த வூட்ல இருக்காதே.' இதான் நான் கேட்டது."

பெரியவர் சட்டென்று நிமிர்ந்தார். "கொழந்த இருந்துச்சா?"

"இதோ நிக்கிறா."

"நான் கொழந்தயப் பாக்கலையே" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை.

"தூளி தெரிஞ்சிருக்கும் சார்" என்றாள் சந்தியா. குரல் அவளுக்கே நம்பிக்கையில்லாமல் வந்தது.

"தெரிஞ்சிருக்கலாம்மா. என் கண்ணு ஜன்னல் மேலயே இருந்துச்சு. கண்ணு பாக்காதத வாய் சொல்லிச்சோ என்னவோ." அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்க வூட்ல வேஷம் கட்டணும்னா பட்டினி இருப்போம். செருப்பு போட மாட்டோம். அன்னிக்கு நான் வயிறு நெறைய துன்னுட்டு, இடுப்புல துப்பாக்கி சொருகிக்கினு கட்டினேன். பொய் வேஷம். அந்தப் பொய்க்குள்ளயும் வந்து நின்னா பாரு அவ. அதுலேருந்து நான் வேஷம் கட்டல. மறுபடி வந்துட்டா தாங்க முடியுமான்னு பயம்."

ஜாத்திரைக் கதையே அதுதானே என்று கங்கையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பெண்களை நாசம் செய்த பாளையக்காரன் ஊருக்குள் ஒளிந்துகொள்கிறான். அம்மன் நாளுக்கு ஒரு வேஷம் போட்டுத் தெருத் தெருவாக அவனைத் தேடுகிறாள். தேடிப் பிடித்துத் தலையை எடுக்கிறாள். ஊரே வருஷாவருஷம் அதைத்தானே ஆடிக் காட்டுகிறது. ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் அந்த வருஷம் அவள் மெய்யாகவே இறங்கி நடந்துவிட்டாளோ! கங்கையா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். யாரும் சொல்லாமலே.

கிளம்பும்போது ரத்னம்மா சொன்னாள். "நாளைக்குக் கரி வேஷ நாள். நான் வாசல்ல தண்ணி வெச்சிருப்பேன்."

பெரியவர் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டார்.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகப் பானையை இறக்கினாள். காலையில் வாசலைக் கழுவி, பொங்கல் வைத்து, செம்பில் மஞ்சள் கரைத்து வைத்தாள். எதிர்வீட்டு வாசலில் பிரேமலதா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னா, டூட்டிக்கு வராங்களா அம்மவாரு?"

"வருவா. நீயும் ஒரு செம்பு எடுத்துக்கினு வா" என்றாள் ரத்னம்மா. இந்தத் தடவை வாய் அடைக்கவில்லை.

வெயில் ஏறியதும் பறைச்சத்தம் கேட்டது. கரி பூசியவர்கள் சந்துக்குள் கூட்டமாக வந்தார்கள். சின்னவர்கள், பெரியவர்கள், மீசைக்கு மேல் கரி, மாரில் வேப்பிலை, வாய் நிறைய ஏச்சு. யார் எவர் என்று பெற்றவளுக்கே தெரியாது. காசு வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். கடைசியில் ஒருவர் மட்டும் மெதுவாக வந்து அவள் வாசலில் நின்றார். ஏசவில்லை. கையும் நீட்டவில்லை.

ரத்னம்மா முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, இன்றைக்கு எதற்கு? குனிந்து காலுக்குத் தண்ணீரை ஊற்றினாள். கரி கரைந்து மஞ்சளோடு கலந்து ஓடியது. உள்ளே வெள்ளை இல்லை. வெடிப்பு விழுந்து, வெயிலில் கறுத்து, நகம் தேய்ந்த கால்கள். சந்தில் இருக்கிற எந்த மனுஷனுடைய கால்களாகவும் இருக்கலாம். தொட்டபோது தார் ரோட்டுச் சூடு இன்னும் பாதத்தில் இருந்தது. செருப்பில்லாமல் நடந்து வந்த கால்கள்.

பின்னால் சந்தியா போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"வாக்கு குடு தாயே" என்றாள் ரத்னம்மா.

நேரம் போயிற்று. தலைக்கு மேல் மூச்சு மட்டும் கேட்டது. வேப்பிலை சலசலத்தது. சொல்ல வாயெடுத்து, என்ன வருமோ என்று தானே பயந்து நிற்கிறவரின் மூச்சு அது. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. இரண்டு கைகளாலும் அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இரு தல்லி" என்றது குரல்.

அன்றைக்குச் சொல்ல நினைத்ததை இன்றைக்குத்தான் அவரால் சொல்ல முடிந்தது.