உப்புத் தண்ணீர் அடுப்பு

மூன்று மணி நேரமாக ஜாடி குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அடுப்பில் வைத்த ஒரு டம்ளர் பால் இன்னும் கொதித்தபாடில்லை.

ஆடுகோடியில் லேத் பட்டறைகள் நெருக்கியடிக்கும் சந்தில் ஓஸ்வால்டின் வீடு. இரண்டு தெரு தள்ளி கார் பாட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கடை வைத்திருந்தான். முன்னறை மேசையில் ஊறுகாய் ஜாடி. உள்ளே உப்புத் தண்ணீர். தீர்ந்துபோன டார்ச் செல்களை உடைத்து எடுத்த இரண்டு கரிக்குச்சிகள். அவற்றிலிருந்து சார்ஜருக்கு ஒயர். மூடியிலிருந்து கிளம்பிய ரப்பர் குழாய் ஒரு சின்ன பர்னரில் முடிந்தது. அதன் முனையில் பட்டாணி அளவு நெருப்பு நடுங்கியது. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன், அதில் சமையல். அது தொண்ணூற்று மூன்றாம் வருஷம். கேஸ் இணைப்புக்குப் பதிந்துவிட்டு ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். ‘தண்ணி கேஸ்’ என்ற பேச்சுக்கே, ஞாயிறு பூசை முடிந்ததும் ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். சிலர் காசு கொடுத்து வாங்கிக்கொண்டும் போனார்கள்.

ஜாடிக்கு மேலே சுவரில் ஒரு போட்டோ. கறுப்பு அங்கியும் பட்டச் சுருளுமாக விழித்துக்கொண்டு நிற்கும் பெர்னதெத். ஓஸ்வால்டின் மனைவி மௌரீனுக்குத் தங்கை. பி.எஸ்ஸி. வேதியியல். வேலை கிடைக்கும்வரை அக்கா வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும்.

“நம்ம மச்சினிதான். அவளே செக் பண்ணி ஓகே சொன்ன மிஷின் இது” என்று வருகிறவர்களிடமெல்லாம் ஓஸ்வால்ட் படத்தைக் காட்டுவான். காபித் தட்டோடு நிற்கும் பெர்னதெத் தரையைப் பார்ப்பாள். கூச்சம் என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி கூச்சம். மீதி குமட்டல்.

மாநகராட்சிக்காரர்கள் சாக்கடை ஓரம் தூவிவிட்டுப் போகும் பிளீச்சிங் பவுடரின் நெடி அந்த அறையில் எப்போதும் இருந்தது. வெறும் தண்ணீரில் குமிழி வரவில்லை என்று ஓஸ்வால்ட் சமையலறை உப்பை அள்ளிப் போட்ட நாளிலிருந்து அப்படித்தான். ஜன்னலின் நீலத் திரை வெளுத்துப் பழந்துணி நிறமாகிவிட்டது. மௌரீன் இருமினாள். பேசினால் இருமல், படியேறினால் இழுப்பு. தூசி அலர்ஜி என்றார்கள். இரவிலும் ஜாடி ஓட வேண்டும், அப்போதுதான் வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்பது ஓஸ்வால்டின் கட்டளை. பெர்னதெத் ஜன்னலைத் திறந்துவைப்பாள். கொசு வருகிறதென்று மௌரீன் மூடிவிடுவாள். அந்த நெடி என்னவென்று பெர்னதெத்துக்குத் தெரியும். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு செய்த சோதனைதான்.

அன்றும் பூசை முடிந்து ஏழெட்டுப் பேர் முன்னறையில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரி சந்திரம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். “என்ன ஓஸ்வால்டு, நடுவீட்ல கக்கூஸ் கழுவுறியா? கண்ணெல்லாம் எரியுது கணப்பா!”

“அது பவர் வாசன, சந்திரம்மா! கிருஷ்ணாயில் மட்டும் மல்லிப்பூவா? சொல்ப அட்ஜஸ்ட் மாடி, கொஞ்சம் பொறுத்துக்கோங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கூட்டத்தில் பழனிச்சாமி என்கிற இளைஞன் மட்டும் சிரிக்கவில்லை. பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் கம்பெனித் தொழிலாளி. “எனக்கு ஒண்ணு முடிச்சிக் குடுத்துருங்க சார். இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடறேன்” என்றான். “என் வீட்டுக்காரி ருக்குவையும் கொழந்தையையும் நேத்துதான் ஊர்லேர்ந்து கூட்டியாந்தேன். ஒரே ரூமுங்க, ஜன்னல் கெடையாது. அடுப்புக்குப் பக்கத்துலயே தொட்டில். ஸ்டவ் பொகை புள்ளைக்கு ஆவலீங்க.”

பிறகு சுவரிலிருந்த படத்தைப் பார்த்தான், பெர்னதெத்தைப் பார்த்தான். “படிச்சவங்க நீங்க சொன்னா போதும் மேடம். கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?”

“தண்ணிலேர்ந்து வர்றதுப்பா, தாய்ப்பால் மாதிரி!” என்றான் ஓஸ்வால்ட்.

பெர்னதெத் தட்டைக் கீழே வைத்தாள். சுவரோரம் போய் சார்ஜரின் பிளக்கைப் பிடுங்கினாள். குமிழிகள் அடங்கின.

“ஆகும்” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னாள். “ஆகும். உப்பு போட்டா ஹைட்ரஜனோட குளோரினும் வரும். விஷக் காத்து. ஜன்னல் இல்லாத ரூம்ல கொழந்தையோட நெஞ்சு வெந்துடும். எடுத்துட்டுப் போகாதீங்க.”

“ஏய் பெர்னி, உள்ள போ!” ஓஸ்வால்டின் முகம் சிவந்தது. “பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணத இங்க வந்து வாந்தி எடுக்காத. நீ திங்கிற சோறு யாருது?”

பழனிச்சாமி மேசையை விட்டு இரண்டடி பின்வாங்கினான். மற்றவர்களும் எழுந்தார்கள். சந்திரம்மா மட்டும் உள்ளே வந்தாள். “உனக்குத் தெரிஞ்சிருக்கில்ல? உன் போட்டோவ மாட்டி இத்தன பேருக்கு வித்தானே, அப்பல்லாம் வாயில என்ன வெச்சிருந்த?”

“சோறுதான் வெச்சிருந்தேன் ஆன்ட்டி.” பெர்னதெத் பிளக்கை இன்னும் கையில் பிடித்திருந்தாள். “போக்கிடம் இல்லன்னு பயந்தேன். படிச்சவ பயந்து வாய மூடிக்கிட்டா, அவ படிச்ச படிப்பே பொய்க்குச் சாட்சி சொல்லுது. விஷத்த விக்கிறவனுக்கும் அதப் பாத்துக்கிட்டு நிக்கிறவளுக்கும் வித்தியாசம் இல்ல.”

மௌரீன் கதவைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தாள். “அவரப் போய் விஷம் விக்கிறவன்னு சொல்றியேடி. பாவம், தெரியாமத்தானே பண்ணிட்டாரு? அவரும் இதே வீட்லதானே இருக்காரு?”

பெர்னதெத் அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு இன்றுதான் அவள் யாரையாவது நேராகப் பார்த்துப் பேசினாள்.

“தெரியாம இல்லக்கா. உப்பு போட்ட மறுநாளே மாமாகிட்ட சொல்லிட்டேன். கடையில வேலைன்னு சொல்லிட்டு ராத்திரி அங்கயே போய்ப் படுத்துக்கறாரே, அது அன்னிலேர்ந்துதான்.”