தவளையைத் தொட்ட கை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. தோல் மருத்துவரின் அறைக்கதவு சரியாக மூடாது. வெளியே பெஞ்சில் என் முறைக்காகக் காத்திருந்தேன். எழுந்து தள்ளி உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

2

முதல் தொடக்கம்: ‘நீச்சல்குளத்தின் நீலம் அவள் கண்களில்—’

வேண்டாம். கண்களை நான் பார்க்கவேயில்லை. கைகளைத்தான் பார்த்தேன்.

இரண்டாவது: அவள் நீச்சல்குளம் சுத்தம் செய்பவள். காலையில் வடிகட்டிக் கூடையில் தவளைகள் மாட்டியிருக்கும். உயிரோடு எடுத்து வேலியோரம் விடுவாள். இப்போது இரண்டு கைகளும் சிவந்து, விரலிடுக்கில் தோல் உரிந்திருந்தன. அவற்றை மடியில்கூட வைக்காமல், யாருடைய கைகளையோ பிடித்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தாள்.

இது இருக்கட்டும்.

3

பக்கத்தில் அவளுடைய நாத்தனார். நாத்தனார் மடியில் இவளுடைய கைக்குழந்தை. அது தாவத் தாவ, இவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“பாருங்க அண்ணி, இப்படியே போனா உங்க பிள்ளை என்னைத்தான் அம்மான்னு கூப்பிடுவான்.”

“கூப்பிடட்டும். என் கையில ஏறின விஷம் அவனுக்கு ஏற வேண்டாம்.”

“தவளை அவ்வளவு விஷம்னா, அந்தக் குளத்துல குதிக்கிறவங்க எல்லாரும் இங்கதான உக்காந்திருக்கணும்? நம்மளும் இந்த சாரும்தான் இருக்கோம்.”

(அந்த சார் நான்தான். கதையில் எனக்கு வேறு வேலை கிடையாது.)

4

கூப்பிட்டதும் குழந்தையோடு இருவரும் உள்ளே போனார்கள்.

“தவளையை எடுத்துட்டு கையை எதுல கழுவுறீங்க?” இது மருத்துவர்.

  

“குளத்துக்குப் போடுற குளோரின் பொடி இருக்குல்ல மேடம், அதைக் கரைச்சு...”

“கையிலயா?”

“தவளை கிடந்த தண்ணியவே அது சுத்தம் பண்ணுதே. கையைப் பண்ணாதா?”

“எரியலையா உங்களுக்கு?”

“எரியும். எரிஞ்சாத்தான விஷம் இறங்குதுன்னு அர்த்தம்.”



“அந்தத் தவளை ஒண்ணும் பண்ணாதும்மா. சிலருக்கு லேசா அரிக்கும், அவ்வளவுதான். சோப்பு போட்டு ஓடுற தண்ணியில கழுவுங்க. கழுவுற வரைக்கும் கண்ணைத் தொடாதீங்க. கையைப் புண்ணாக்கினது உங்க பொடி. அதை இன்னையோட விட்டுடுங்க. இனிமே கையுறை போட்டுத் தவளையை எடுங்க. களிம்பு எழுதித் தர்றேன்.”

“இது பிள்ளைக்கு ஒட்டுமா மேடம்?”

“ஒட்டாது. தாராளமா தூக்குங்க.”

5

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். காரணம் தெரிந்துவிட்டது, மருந்தும் எழுதியாயிற்று. ஆனால் என்னால் பேனாவை மூட முடியவில்லை. நல்ல செய்திதானே, ஏன் அவள் முகம் அப்படி—

[முகத்தையும் நான் பார்க்கவில்லை. ஊகிக்கிறேன்.]

விஷம் இருந்தவரை, பிள்ளையைத் தள்ளிவைத்தது தாயின் காவல். விஷமே இல்லையென்றால் அதற்கு என்ன பெயர்? மருத்துவரிடம் அதற்குக் களிம்பு இல்லை. என்னிடமும் இல்லை.

6

வெளியே வந்ததும் நாத்தனார் குழந்தையை நீட்டினாள்.

“இந்தாங்க அண்ணி, உங்க ஆளு.”

அவள் கைகள் எழுந்தன. பாதி வழியில் நின்றன. அந்த நேரம் பார்த்து என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது பெஞ்சு காலி.

வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள் என்று எழுதிப் பார்த்தேன். இவ்வளவு நாள் பயம் ஒரு வார்த்தையில் இறங்கிவிடுமா? கைகளை இழுத்துக்கொண்டாள், மறுநாள் காலையிலும் அந்தப் பொடியைக் கரைத்து— இதை முடிக்க மனம் வரவில்லை.

ஆகவே உங்களிடம் விடுகிறேன். அவள் கைகள் இன்னும் அங்கேயே நிற்கின்றன. நிதானமாக யோசியுங்கள் என்றுதான் சொல்ல நினைத்தேன். ஆனால் குழந்தை கனமான குழந்தை. நாத்தனாருக்கு இந்நேரம் கை வலிக்கத் தொடங்கியிருக்கும்.