இருநூற்றுப் பத்து கிராம்

முப்பத்தொன்பது வயதில் ஒருத்தி புதுப் பென்சில் பை வாங்கினால் கடைக்காரர் கேட்கத்தான் செய்வார், பாப்பாவுக்கா என்று. எனக்குத்தான் என்று தராசுக்காரி சொன்னபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பையை உறையில் போட்டு நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அவர் சிரிக்காவிட்டால் என்ன, அவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீடு போய்ச் சேரும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

தராசுக்காரி என்பது கணவர் வைத்த பெயர். எடைக்கருவிகளைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் அவளுக்குப் பதினேழு வருடமாக வேலை. நகைக்கடைத் தராசோ மருந்துக்கடைத் தராசோ, எது வந்தாலும் சரியான எடைக்கல்லை வைத்துப் பார்த்து, இது பொய் சொல்கிறது, இது நிஜம் சொல்கிறது என்று தீர்ப்பு எழுதிவிடுவாள். இந்த வேலையையே மேற்கொண்டு படிக்கத்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவளை ஒரு வருடத்துக்கு அழைத்திருந்தது. மொத்தம் ஆறு பாடம். அழைப்புக் கடிதம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காந்தத்தின் தயவில் தொங்கிக்கொண்டிருந்தது.

அது வந்த நாளிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. தங்கப்போகும் அறையிலிருந்து வகுப்புக்குப் போகும் வழியைக் கைப்பேசி வரைபடத்தில் தினமும் நடந்து பார்த்தாள். பதினோரு நிமிடம். எந்த முனையில் பச்சைக் கதவு, எங்கே சைக்கிள் நிறுத்துவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இங்கே பக்கத்துத் தெருவில் புதிதாக வந்த மருந்துக்கடைதான் தெரியாது. இத்தனை வருடம் வெறும் எண்களையே எழுதிப் பழகிய கைக்குப் பயிற்சி வேண்டுமென்று காலையில் அரை மணி நேரம் பத்தி பத்தியாக எழுதினாள். குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு, மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றாள். வியர்த்துக் கொட்டியது. அப்படியும் கழற்ற மனம் வரவில்லை.

இவ்வளவு சந்தோஷமும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். யாரிடமிருந்து மறைத்தாள் என்றால், பதினோரு வயது மகளிடமிருந்து.

அந்தப் பெண் சேதி தெரிந்த நாளிலிருந்து ஒரு கேள்வி கேட்கவில்லை. எவ்வளவு தூரம், எத்தனை நாள், போகாதே, எதுவுமே இல்லை. என்ன சொன்னாலும் ஒரு ‘ம்’. அழுது புரண்டிருந்தால் கட்டிப்பிடித்துச் சமாதானம் சொல்லியிருக்கலாம். ‘ம்’ என்பவளை என்ன செய்வது? அம்மா சிரித்தபடி அறைக்குள் வந்தால் மகள் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தச் சிரிப்பு அப்படியே வாடிப்போகும்.

லிஃப்ட் பழுது பார்க்கும் கணவரோ, எது அந்தரத்தில் நின்றாலும் பதறாத மனிதர். பிள்ளைதானே, தானாகச் சரியாகிவிடும், நான் பார்த்துக்கொள்கிறேன், நீ கிளம்புகிற வழியைப் பார் என்று சொல்லிவிட்டார். ஆனால் அவர் இல்லாத நேரத்தில் அவள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தாள். குடும்பச் சூழ்நிலை காரணமாக அடுத்த வருடம் வருகிறேன் என்று நாலு வரி. அப்படித் தள்ளிப்போட வியாழன் மாலை ஆறு மணிவரை கெடு. சனிக்கிழமை விமானம். வியாழனுக்குள் அந்தப் பெண் வாயிலிருந்து போய்விட்டு வா என்று ஒரு சொல் வராவிட்டால் மின்னஞ்சலை அனுப்பிவிடுவது என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள். அடுத்த வருடம் இடம் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. நாற்பது வயதுக்கு மேல் தனக்கே தைரியம் இருக்குமா என்பதும் தெரியவில்லை.

அவளைச் சுருக்கென்று குத்திய விஷயம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. மகளின் பள்ளியில் ஒரு சட்டம் உண்டு. எந்தப் புது நோட்டானாலும் முதல் பக்கத்தின் அடியில் பெற்றோர் கையெழுத்து இருந்தால்தான் வகுப்பில் செல்லும். ஒவ்வொரு வருடமும் பழுப்புக் காகிதத்தில் அட்டை போடுவது, லேபிள் ஒட்டுவது, சிவப்புப் பென்சிலால் ஓரக்கோடு கிழிப்பது, கடைசியில் கையெழுத்திடுவது எல்லாம் அம்மாவின் இலாகா. காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட விட்டதில்லை. அன்றைக்கு மகள் ஒரு புது நோட்டைக் கொண்டுவந்தாள். தராசுக்காரி பேனாவை எடுத்துக் கையை நீட்டினாள். மகள் அவளைத் தாண்டிப் போய் அப்பாவிடம் நீட்டினாள்.

"இனிமே அப்பாதானே போடணும்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. நீட்டிய பேனாவை என்ன செய்வதென்று தெரியாமல் தராசுக்காரி அந்த வார நாள்காட்டியில் எதையோ குறிப்பதுபோல நின்றாள்.

அன்று மாலை பெட்டியை அடுக்கி முடித்தாள். முடித்தாள் என்று சொல்வது மரியாதைக்கு. பூனை குட்டியை இடம் மாற்றுவதுபோல அந்தச் சாமான்களை அவள் பதினோரு தடவை வெளியே எடுத்து உள்ளே வைத்திருந்தாள். கடைசியில் கணவர் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, இன்னொரு தடவை இதைத் திறந்தால் நான் போய்ப் படிக்கிறேன், நீ இங்கே லிஃப்ட்டைப் பார் என்றார். திறக்க மாட்டேன் என்று கையடித்துக் கொடுத்தாள். விமானத்தில் இருபத்துமூன்று கிலோவுக்கு மேல் ஏற்றமாட்டார்கள். வேலையிடத்தில் அனுமதி வாங்கிக் கொண்டுவந்த சிறிய மேடைத் தராசில் வைத்தாள். 22 கிலோ 940. திருப்தியாகச் சுவரோரமாக நிறுத்தினாள்.

திங்கட்கிழமை காலை, சும்மா இருக்க மாட்டாமல், மறுபடி வைத்துப் பார்த்தாள். 23 கிலோ 150.

வேறு யாராவது இருந்தால் பெட்டியைத் திறந்து பார்த்திருப்பார்கள். இவள் தராசுக்காரி ஆயிற்றே. எடை மாறினால் முதலில் தராசைச் சந்தேகப்படு என்பது அவர்கள் கூடத்தின் பால பாடம். தராசைத் துடைத்தாள், பேட்டரியை மாற்றினாள், மின்விசிறியை நிறுத்தினாள். செவ்வாயன்று 23 கிலோ 360 என்றது. வேலையிடத்திலிருந்து இருபது கிலோ எடைக்கல்லை வாங்கிவந்து, கையுறை போட்டுக்கொண்டு தூக்கி வைத்துப் பார்த்தாள். இருபது என்றது தராசு, பத்து கிராம்கூடப் பிசகாமல். அப்படியானால் தரை சரியில்லை என்று அவளே முடிவுசெய்து, தளம் சமமா என்று காட்டும் குமிழி மட்டத்தோடு தரையில் தவழ்ந்தாள். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் என்று தலைக்குமேல் கணவர் குரல் கேட்டது. மகள் மேசையில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து தன் அறைக்குப் போனாள்.

புதன் 23 கிலோ 570. வியாழன் காலை 23 கிலோ 780. அதற்குள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது. இந்த எடையே ஏதோ சகுனம் போலவும், போகாதே என்று வீடே பெட்டியைப் பிடித்து இழுப்பது போலவும் பட்டது. படித்தவள் நினைக்கிற நினைப்பா இது? நினைத்தாள். அன்று கெடு நாள் வேறு.

வேலையிடத்தில் சீல் அண்ணன் என்று ஒருவர். சோதனையில் தேறிய தராசுகளுக்கு ஈய முத்திரை குத்துபவர். மதியம் அவரிடம் போய்ப் புலம்பினாள். கருவி கெட்டுவிட்டது, கூடத்துப் பொருளை நான்தான் கெடுத்துவிட்டேன் என்றாள். அவர் ஐந்து நாள் கணக்கையும் ஒரு துண்டுத்தாளில் எழுதச் சொல்லிப் பார்த்தார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஓரத்தில் எழுதினார். இருநூற்றுப் பத்து, இருநூற்றுப் பத்து, இருநூற்றுப் பத்து, இருநூற்றுப் பத்து.

"தராசு பொய் சொன்னா நாளுக்கொரு பொய் சொல்லும்மா" என்றார். "ஒண்ணையே தினமும் விடாம செய்யறது மனுஷங்கதான். போய்ப் பெட்டியைத் திற."

பதினேழு வருட அனுபவம் அப்படியே அசடாக முகத்தில் வழிந்தது. அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

வீட்டில் யாரும் இல்லை. மணி மூன்றே முக்கால். கணவருக்குக் கொடுத்த வாக்கைக் காற்றில் விட்டுவிட்டுப் பெட்டியைப் படுக்கப்போட்டுத் திறந்தாள். மேலே எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. குளிர்கோட்டைத் தூக்கினாள். அதற்குக் கீழே, அவள் வைக்காத நாலு நோட்டுப் புத்தகங்கள் இருந்தன.

பழுப்புக் காகித அட்டை. மூலைகள் சரியாக மடியவில்லை. ஒன்றில் பசை வெளியே பிதுங்கிக் காய்ந்திருந்தது. லேபிளில் பெயர் என்ற இடத்தில் அம்மா என்று இருந்தது. வகுப்பு என்ற இடத்தில் ஒரு வருஷம். பாடம் என்ற இடத்தில், ஃப்ரிட்ஜ் கதவில் தொங்கும் கடிதத்தில் இருந்த ஆறு பாடங்களில் முதல் நாலு, வரிசை மாறாமல், ஒரு நோட்டுக்கு ஒன்றாக. ஒரு கேள்வி கேட்காத பெண், அந்தக் கடிதத்தை வரிவரியாகப் படித்திருக்கிறாள்.

முதல் நோட்டைத் திறந்தாள். சிவப்புப் பென்சிலால் ஓரக்கோடு, கொஞ்சம் சாய்வாக. பக்கம் வெறுமையாக இருந்தது. அடியில் மட்டும், பெற்றோர் கையெழுத்து என்று எழுதி, அதன்மேல் மகள் தன் பெயரை முழுசாக, ஓர் எழுத்தையும் சுழிக்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

நாலு நோட்டிலும் போட்டிருந்தாள்.

தராசுக்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, தடுக்கவில்லை. ஒரு சொல்லுக்காக நாயாய்ப் பேயாய்க் காத்திருந்தாளே, அந்தச் சொல் தினமும் இருநூற்றுப் பத்து கிராமாக வந்து சேர்ந்துகொண்டிருந்தது. இவள் குமிழி மட்டத்தோடு தரையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலரைக்குக் கதவு திறந்தது. பள்ளிப் பையோடு மகள் வாசலிலேயே நின்றாள். திறந்து கிடக்கும் பெட்டியையும் அம்மா மடியில் இருந்த நோட்டையும் பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னும் ரெண்டு இருக்கு. ஒரு நாளைக்கு ஒண்ணுக்குத்தான் அட்டை போட முடியுது."

"எப்போ வச்ச இதெல்லாம்?"

"நீ குளிக்கப் போறப்போ." என்றாள் மகள். "எடை கூடிப்போச்சுன்னு நீ தரையில தேடினப்போ சொல்லியிருப்பேன். சொன்னா நீ அழுவ."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் எங்கே அழுதேன் என்றாள் தராசுக்காரி. மகள் நோட்டின் அட்டையில் கிளம்பியிருந்த மூலையை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தாள். பிறகு, இத்தனை வாரமாக வராத அந்த முதல் கேள்வி வந்தது.

"அங்க உன் ஹோம்வொர்க்கை யாரு பாப்பாங்க?"

தராசுக்காரி கைப்பேசியை எடுத்தாள். அந்த நாலு வரி மின்னஞ்சலை அனுப்பாமலே அழித்தாள். கெடுவுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நோட்டைத் திறந்து, மகளின் கையெழுத்து இருந்த இடத்தை அவளிடமே காட்டினாள்.

"இங்க கையெழுத்துப் போட்டவங்கதான் பாக்கணும்."

மகள் யோசித்தாள். அது நியாயமாகத்தான் பட்டிருக்க வேண்டும். எழுந்து போய் ஐந்தாவது நோட்டையும் பழுப்புக் காகிதத்தையும் பசைக் குப்பியையும் கொண்டுவந்து தரையில் பரப்பினாள். எடை தாண்டிவிட்டதே என்று அம்மா சொன்னாள். குளிர்கோட்டை உடம்பில் போட்டுக்கொண்டு போனால் தாண்டாது என்றாள் மகள். வழியெல்லாம் வியர்க்குமே என்றாள் அம்மா.

"வேர்க்கட்டும்" என்றாள் மகள், காகிதத்தை மடித்தபடி. இந்தத் தடவையும் மூலை சரியாக வரவில்லை. தராசுக்காரியின் கை தானாக நீண்டது. மகள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மடிப்பைப் பிரித்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.