பதின்மூன்று அங்குலக் குச்சி

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கொலீன் எங்கள் பட்டறையின் கதவைக் காலால் உதைத்துத் திறந்தாள். அவளுடைய இடக்கையில் விரல் நுனி முதல் மணிக்கட்டு வரை வெள்ளைக் கட்டு. வலக்கையில், சென்ற மாதம் நாங்கள் இணைத்துக் கொடுத்த துப்பாக்கியின் பெட்டி. அதனை அவள் மேசைமீது வைக்கவில்லை, போட்டாள்.

“டெல்லா, எங்க உன் கொழுந்தன்?”

ராஸ் என் மறைந்த கணவரின் தம்பி. பட்டறையில் சம பங்குள்ள கூட்டாளி. வாடிக்கையாளரிடம் பேசுவதும், பாகங்களைத் தருவிப்பதும், வெல்டிங் செய்வதும் அவன் பொறுப்பு. அளப்பதும் இணைப்பதும் என் பொறுப்பு. ஆனால் என் மகளின் பேறுகாலத்திற்காக நான் பாய்சி நகருக்குச் சென்றிருந்த வாரத்தில், கொலீனின் துப்பாக்கியை அவன் ஒருவனே முடித்து அனுப்பியிருந்தான்.

உள்ளறையிலிருந்து காபிக் கோப்பையுடன் வந்த ராஸ், கட்டைப் பார்த்தான்.

“என்ன கொலீன், குதிரை கடிச்சிருச்சா?”

“உன் துப்பாக்கி கடிச்சுது. மூணே குண்டுதான் சுட்டேன். கட்டை விரல் தோலு உரிஞ்சு தொங்குது. மூணு வாரம் சுத்தியல் பக்கமே போகக்கூடாதுன்னுட்டார் டாக்டர்.”

கிளியர்வாட்டர் ஆற்றின் இரு கரையிலும் உள்ள பண்ணைக் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவள் அவள். குளம்பை இடக்கையால் பற்றாமல் அத்தொழில் நடவாது.

“கைய எங்க வெச்ச நீ? நுனியில போய்க் கட்டிப் புடிச்சா, சுடாம முத்தமா குடுக்கும்?” என்றான் ராஸ்.

“நுனி வரைக்கும் புடிக்கத்தான உறைய நீளமா போடச் சொன்ன! ‘உன் கைக்குப் பதினஞ்சுதான் எடுப்பா இருக்கும்’னு சொன்னது யாரு, உங்க பாதிரியாரா?”

நான் பெட்டியைத் திறந்தேன். துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை இருமுறை சோதித்த பின்னரே அதனைக் கையில் எடுத்தேன். எடுத்தவுடன் தவறு கண்ணில் பட்டது.

குழலைச் சுற்றி ஓர் அலுமினிய உறை இருக்கும். சுடுபவரின் இடக்கை குழலின் சூட்டில் படாமல் பற்றிக்கொள்வதற்கானது அது. குழலின் நுனியில் பிரேக் என்னும் சிறு உருளையைத் திருகுவோம். குண்டின் பின்னே சீறும் தீயும் புகையும் அதன் பக்கத் துளைகள் வழியே வெளியேறும். அத்துளைகள் உறைக்கு வெளியே இருந்தே ஆகவேண்டும். கொலீனின் துப்பாக்கியிலோ, உறை அத்துளைகளையும் விழுங்கிக்கொண்டு நின்றது. உள்ளே வெடித்த தீ, உறையின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாக அவளுடைய விரல்களைத் தேடிப் பாய்ந்திருக்கிறது. பிளவுகளின் ஓரம் கரியேறியிருந்தது. அக்கரியில் அவளுடைய கையுறையின் நூல் ஒன்று ஒட்டியிருந்தது.

“ராஸ், எத்தனை அங்குல உறை இது?”

“பதினஞ்சு. பேரல் பதினாறு, ஒண்ணு கழிச்சா பதினஞ்சு. இதுல என்ன அண்ணி கணக்கு?”

“பேரல் பதினாறா?”

“சட்டப்படி பதினாறுதான்.”

எங்கள் தொழிலில் உள்ளவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. பதினாறு அங்குலத்திற்குக் குறைந்த குழலைத் தனி அனுமதியின்றி வைத்துக்கொள்ளச் சட்டம் இடந்தராது. கொலீனின் குழல் பதினாலரை அங்குலமே. அதன் நுனியில் பிரேக்கை வெல்டிங் செய்து நிரந்தரமாக்கிவிட்டால், பிரேக்கின் நீளமும் குழலின் கணக்கில் சேர்ந்துவிடும். சட்டத்திற்குப் பதினாறு, தீக்குப் பதினாலரை. போதாக்குறைக்கு, குழலின் அளவு துப்பாக்கியின் உடலுக்குள்ளிருந்து தொடங்குகிறது. உறையின் அளவோ உடலின் வெளிவிளிம்பிலிருந்து தொடங்குகிறது. அங்கேயும் அரை அங்குலத்திற்கு மேல் போய்விடும்.

“நான் பதிமூணுன்னு சொல்லிட்டுப் போனேன்.”

“நீங்க எங்க சொன்னீங்க?” ராஸ் இழுப்பறையிலிருந்து அட்டையை எடுத்து, என்னிடம் தராமல் கொலீனிடம் நீட்டினான். “நீயே பாரு. அளந்தது யாரு? கையெழுத்து யாருது?”

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஓர் அட்டை உண்டு. அளந்தவர் அதில் கையெழுத்திட வேண்டும். என் கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே, பயண அவசரத்தில் நான் வெறுமையாக விட்டுச் சென்ற கட்டத்தில், ‘உறை 15’ என்று அவனுடைய சாய்ந்த எழுத்து இருந்தது.

கொலீன் அட்டையைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இருபத்தாறு ஆண்டுகளாக இப்பட்டறையில் என்னை எவரும் அவ்வாறு பார்த்ததில்லை.

“நீயா டெல்லா?”

வாயைத் திறந்திருந்தால் கத்தியிருப்பேன். சுவரருகே சென்றேன். எந்தத் துப்பாக்கியை அளந்தாலும், உறை எங்கே முடியவேண்டுமோ அந்த நீளத்திற்கு ஒரு மரக்குச்சியை வெட்டி, எண்ணை எழுதி ஆணியில் தொங்கவிடுவது என் வழக்கம். எண்ணைத் தவறாகப் படிக்கலாம். குச்சியைத் தவறாகப் படிக்க இயலாது. கொலீனின் பெயர் எழுதிய குச்சி, நான் மாட்டிய இடத்திலேயே தூசி படிந்து தொங்கியது.

அதனை உறையின்மேல் வைத்துப் பிடித்தேன். குச்சி முடிந்த பிறகும் இரண்டு அங்குல உறை நீண்டிருந்தது.

“இத எடுத்து ஒரு தரம் வெச்சுப் பாத்தியா நீ? ஒரு தரம்?”

“வேலை நெருக்கடி அண்ணி. மணல் மூட்டையில வெச்சு நானே சுட்டுப் பாத்தேன், ஒண்ணும் ஆகல.”

“மூட்டைக்கு விரல் இருக்கா?”

கொலீன் சிரிக்கவில்லை. ராஸ் கோப்பையைக் கீழே வைத்தான்.

“சரி, விடுங்க. புது உறை தருவிச்சிடலாம். ஆறு வாரத்துல வந்துடும்.”

“வேற கம்பெனியோடது?” என்றாள் கொலீன்.

“உக்காராது. உள்ள உறையப் புடிக்கற நட்டு இந்தக் கம்பெனிக்காரனது. அதக் கழட்டணும்னா நுனி வெல்டிங்க அறுக்கணும்.”

“அப்ப ஆறு வாரம் இது உன்கிட்ட கெடக்கணுமா? ஒரு ராத்திரி கூட விட மாட்டேன்!”

நான் உறையின் திருகுகளைத் தளர்த்தி, அதனை முன்புறமாக உருவி எடுத்தேன். தோல் துண்டு சுற்றி மேசை இடுக்கியில் இறுக்கினேன். குச்சியை வைத்துக் கோடு கிழித்து, இரும்பு அறுக்கும் வாளைக் கையில் எடுத்தேன்.

“அண்ணி! அது நல்ல உறை! ஓரம் வெள்ளையா பல்லிளிக்கும். சனிக்கிழமை சுடற போட்டிக்கு வர்றவன் ஒவ்வொருத்தனும் எந்தப் பட்டறை வேலைன்னு கேப்பான்!”

“கேக்கட்டும்.”

அறுத்தேன். என் சினம் முழுவதும் அந்த வாளில் இறங்கிற்று. அலுமினியத் துகள் அவனுடைய காபியில் விழுந்தது; நான் நிறுத்தவில்லை. இரண்டு அங்குல வளையம் தரையில் விழுந்து, உருண்டு, அவன் காலடியில் போய் நின்றது. பின்னர் விளிம்பை அரத்தால் தேய்த்தேன். அழகுக்காக அல்ல, அந்தக் கையில் இன்னொரு கீறல் விழக்கூடாது என்பதற்காக. உறையை மீண்டும் மாட்டியபோது, பிரேக்கின் துளைகள் அனைத்தும் வெளியே தெரிந்தன.

“கறுப்பு மையாவது தடவுங்க,” என்றான் ராஸ்.

“தடவின, கைய ஒடிச்சிடுவேன்,” என்றாள் கொலீன். “இப்படியே இருக்கட்டும்.”

நான் அட்டையை எடுத்து, என் கையெழுத்தின் குறுக்கே கோடிட்டேன். பேனாவை ராஸின் முன் வைத்தேன்.

“போடு.”

“வாடிக்கையாளர் முன்னாலயா அண்ணி? அப்புறமா…”

“கை போனது அவளுக்கு. அவ முன்னாலதான் போடணும்.”

வெளியே யாரோ வண்டியை நிறுத்தும் ஓசை கேட்டது. அவன் கதவைப் பார்த்தான், அட்டையைப் பார்த்தான், வருபவர் உள்ளே நுழைவதற்குள் முடித்துவிடும் அவசரத்தில் கையெழுத்திட்டான். கொலீன் அட்டையைப் பிடுங்கி உரக்கப் படித்தாள்: “உறை பதினஞ்சு. ராஸ்.” மன்னிப்பு என்னும் சொல் அப்போதும் அவன் வாயிலிருந்து வரவில்லை.

அவள் குனிந்து, வெட்டுண்ட வளையத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். பெட்டியை வலக்கையில் தூக்கினாள். கதவைத் திறக்க அவளிடம் கை இல்லை. ராஸ் விரைந்து சென்று கைப்பிடியைப் பற்றினான்.

“நீ தள்ளு,” என்றாள் அவள். நான் வந்து திறக்கும்வரை அங்கேயே நின்றாள்.