இலைக்கோழியின் நான்கு முட்டைகள்

தகவமைப்புப் பாடத்தைக் கரும்பலகையில் நடத்த அக்ஷதாவுக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே ஏரி. கன்னடமும் தமிழும் பேசும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தாறு பேரையும் கூட்டிக்கொண்டு, ஒரு பழைய பைனாகுலருடன் கரைக்குப் போய்விட்டாள்.

வெங்காயத்தாமரையின் காம்பைப் பிட்டு, உள்ளே பஞ்சுபோல் காற்று நிறைந்திருப்பதைக் காட்டினாள். தண்ணீரில் அமுக்க அமுக்க அது துள்ளி மேலே வந்தது. பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. கொஞ்சம் தள்ளி, அல்லி இலைகளின் மேல் ஒரு நீளவால் இலைக்கோழி உட்கார்ந்திருந்தது.

"அங்க பாருங்க, அம்மாப் பறவை அடைகாக்குது. விரல் எவ்வளவு நீளம்! அதனாலதான் இலை முழுகல."

"அது அம்மா இல்லீங்க மிஸ்."

சொன்னவள் தமிழ்ப்ரியா. ஜூன் மாதம்தான் ராமாபுரத்திலிருந்து வந்து சேர்ந்தவள். வகுப்பில் வாயே திறக்காதவள்.

"ஹௌதா, அப்படியா? எப்படிச் சொல்றே?"

"எங்க வீடு இந்தக் கரையிலதானுங்க. பெரிய பறவை வந்து முட்டை வெச்சுட்டு அந்தப் பக்கம் போயிருச்சு. இந்தச் சின்னதுதான் நாலு நாளா உக்காந்திருக்குது."

அப்பா எங்கேயாவது அடைகாப்பாரா என்று கிரண் கன்னடத்தில் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். தமிழ்ப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். அக்ஷதாவுக்கு முகம் சூடேறியது. ஏழு வருஷமாக அவள் அம்மாப் பறவை என்றே சொல்லி வந்திருக்கிறாள்.

"எனக்குத் தெரியலை," என்றாள் கடைசியில். "பார்த்துட்டுச் சொல்றேன்."

அன்று மாலை பறவைப் புத்தகத்தைப் புரட்டினாள். மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் பலகையில் எழுதினாள்: 'நான் சொன்னது தவறு. அடைகாப்பது ஆண் பறவை. கண்டறிந்தவர் தமிழ்ப்ரியா.' முதலில் கைதட்டியவன் கிரண்தான்.

அதன்பிறகு தினமும் காலையில் இரண்டிரண்டு பேர் கரையிலிருந்து பார்த்து நோட்டில் குறித்தார்கள். ஒன்பதாம் நாள் விடிய விடிய மழை. அக்ஷதா ஓட்டமும் நடையுமாக வந்தபோது கிரணும் தமிழ்ப்ரியாவும் ஏற்கெனவே கரையில் நின்றிருந்தார்கள்; கூடு பாதி தண்ணீரில் முழுகியிருந்தது. இலைக்கோழி ஒரு முட்டையைத் தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பின்னோக்கி நடந்து, மேடான இலைக்கூட்டத்துக்கு இழுத்துப் போனது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது.

"நான் இறங்கி எடுத்துக் குடுக்கட்டா மிஸ்?" கிரண் செருப்பைக் கழற்றிவிட்டான்.

"வேண்டாம்ப்பா. கிட்ட போனா பயந்து விட்டுட்டுப் போயிடும்."

நான்காவது முட்டை வழுக்கித் தண்ணீருக்குள் போயிற்று. பறவை அந்த இடத்தையே இரண்டு முறை சுற்றியது. அப்புறம் மூன்றின் மேலும் சிறகைப் பரப்பி உட்கார்ந்தது. தமிழ்ப்ரியா கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரத்தைக் குறித்தாள்.

இரண்டரை வாரம் கழிந்தது. பிரார்த்தனை மணி அடிக்கும் நேரத்தில் பள்ளி கேட்டுக்கு வெளியிலிருந்தே தமிழ்ப்ரியாவின் குரல் கேட்டது.

"மிஸ்! குஞ்சு பொரிஞ்சிருச்சுங்க! மூணும்! இலைமேல ஓடுதுங்க!"

அக்ஷதா சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு முதல் ஆளாக ஓடினாள்.