இருபத்தேழுக்கு இருபத்தேழு

1
இந்தக் கதை ஒரு மதிப்பெண்ணிலிருந்து பிறந்தது. என் பெயர் ஆனந்தவல்லி. புனேயின் ஹடப்சர் பகுதியில் ஒரு பொறியியல் கல்லூரியில் மனநல ஆலோசகர். இங்கேயே வளர்ந்தவள்.*

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மழை பெய்துகொண்டிருந்தது. அந்தோணியின் கண்களில் ஒரு சோகம்..."

[அடித்துவிட்டேன். மழையே இல்லை. அந்தோணி சிரித்துக்கொண்டிருந்தான்.]

* தமிழ் வீட்டில் கற்றது. பிழை இருந்தால் என் அம்மாவைக் கேளுங்கள்.

2
அந்தோணி முதலாம் ஆண்டு மாணவன். அவன் குடும்பத்தில் கல்லூரிக்குள் கால்வைத்த முதல் ஆள். அப்பா தூத்துக்குடிப் பக்கம் விசைப்படகில் போகிறவர். (அவனிடம் அனுமதி வாங்கிப் பெயர், ஊர் எல்லாம் மாற்றிவிட்டேன். கடலை மட்டும் அவன் மாற்ற விடவில்லை. "கடல் இருக்கட்டும் மேடம்.")

எங்களிடம் வருகிறவர்களுக்கு முதலில் ஒரு தாள் கொடுப்போம். தூக்கம் வருகிறதா, சோர்வாக இருக்கிறதா என்று ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை போடலாம். எண் கூடினால் வேதனை கூடுதல் என்று பொருள்.

அந்தோணி ஒன்பதுக்கும் மூன்று போட்டிருந்தான். இருபத்தேழுக்கு இருபத்தேழு. கதவைச் சாத்திவிட்டு, சாகவேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன்.

"ஐயோ, இல்ல மேடம்! ஏன், ஃபுல் மார்க் வரலியா?"

பிளஸ் டூ கணக்கில் நூறு வாங்கியவன். மார்க் குறைந்தால் நல்லது என்கிற தாளை அவன் எங்கே பார்த்திருப்பான்? விளக்கிச் சொன்னதும், "அப்ப இம்ப்ரூவ்மென்ட் எழுதட்டுமா மேடம்?" என்றான். மறுபடி எழுதியதில் பதிமூன்று வந்தது. அதுவும் சிரிக்கிற எண் இல்லை.

3
முதல் செமஸ்டர் கணக்கில் ஃபெயில். வீட்டில் பாஸ் என்று சொல்லியிருந்தான். கல்லூரியை விட்டுவிட்டு பக்கத்துத் தொழிற்பேட்டையான சிஞ்ச்வடில் ஏதாவது பட்டறையில் சேர்ந்துகொள்வது, ஊருக்குப் படிப்பதாகவே சொல்லிக்கொண்டிருப்பது என்று திட்டம்.

"அப்பாகிட்ட சொல்லிடேன்பா." [ஆலோசகர் இப்படிச் சொல்லக்கூடாது. நீக்கப் பார்த்தேன். வாயிலிருந்து வந்தது வந்ததுதான்.]

"எப்படி மேடம்? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் போன ஸ்பீக்கர்ல போட்டுருவாங்க. அம்மா, சித்தி, பக்கத்து வீடு, எல்லாரும் சுத்தி உக்காந்திருப்பாங்க. அத்தன பேர் முன்னால எங்கப்பாவ தலகுனிய வைக்கவா?"

அவன் பயம் தனக்காக இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. எனக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது.

மூன்று வாரம் ஒரே வாக்கியத்தைப் பழகினோம்: "ப்பா, ஸ்பீக்கர ஆஃப் பண்ணுங்க." ஒத்திகையில் நான்தான் அப்பா. "ஏம்ல, என்னாச்சு?" என்று நான் கேட்கவேண்டுமாம். எனக்கு அந்த 'ல' வரவேயில்லை.

"எங்கப்பா பேங்க் மேனேஜர் மாதிரி பேசுதாரு மேடம்!" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

4
முடிவு அ: அப்பா திட்டுகிறார், பிறகு அழுகிறார். [ரொம்ப சினிமா.]

முடிவு ஆ: அப்பாவும் ஐந்தாம் வகுப்பில் கணக்கில்... [கதைகளில் அப்பாக்களுக்கு இது எப்படியோ சரியான நேரத்தில் நினைவு வந்துவிடுகிறது.]

முடிவு இ: அந்தோணி பெட்டியோடு சிஞ்ச்வட் ரயிலில் ஏறி

[எழுத மனம் வரவில்லை.]

வரைவை அவனிடம் காட்டினேன். என் பேனாவையே வாங்கி மூன்றையும் அடித்தான். "முடிவ நீங்க எழுதக்கூடாது மேடம். அது என் பேப்பரு."

5
அந்த ஞாயிறு, புனே கேம்ப் பகுதியில் பூசை முடிந்து வெளியே வந்து, தேவாலய மதிலோரம் நின்று வீட்டுக்குப் போன் செய்தான். ஒரே நேரத்தில் ஏழெட்டுக் குரல்கள். சாப்பிட்டியா, குளிருதா, இளைச்சிட்டியா?

"ப்பா, ஸ்பீக்கர ஆஃப் பண்ணுங்க."

"ஏம்ல, என்னாச்சு?"

அச்சு அசலாக அதேதான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். அந்தத் தைரியத்தில் இன்னொரு முறை சொன்னான். குரல்கள் எல்லாம் சட்டென்று நின்றன.

இவ்வளவுதான் எனக்குச் சொன்னான். திங்கள் காலை இரண்டு வடாபாவோடு வந்து ஒன்றை என் பக்கம் தள்ளினான்.

"அப்புறம்?" என்றேன்.

"ஸ்பீக்கர் ஆஃப் மேடம்."

அந்தத் தாளைத் தானே எடுத்து நிரப்பினான். கூட்டிப் பார்த்தான். "ஏழுதான் மேடம்!" என்று பெருமையாக நீட்டினான்.

அப்பா என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் நீங்களும் நானும் இந்தக் கதையில் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டார்கள், இனி இங்கே உட்கார்ந்திருப்பது மரியாதையில்லை. எழுந்திருங்கள், நானும் வருகிறேன்.