பதினேழாம் நம்பர் வில்லை

மாதாகோயில் விழாவில் வாசிக்க எங்கள் பங்கின் தர்ம வரலாற்றை எழுதித் தரும்படி பங்குச்சாமியார் கேட்டபோது, பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்துக்கொண்டேன். "நீங்க ரிட்டயர்டு டீச்சர், கையெழுத்தும் முத்து முத்தா இருக்கு," என்றார் அந்த அப்பாவி. ஊருக்குப் புதியவர். இந்தக் கைக்கு ஐம்பது வருடமாக என்ன அரிப்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலின் பக்கவாட்டுக் கதவருகே ஏழைகளுக்கு ரொட்டி கொடுப்பார்கள். வாங்குகிறவர் கழுத்தில் நம்பர் போட்ட தகர வில்லை தொங்க வேண்டும். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று உள்ளே பிரசங்கம், வெளியே வில்லை. அம்மாவுக்குப் பதினேழு. அப்பா இறந்த பிறகு அவள் மில்காரர் வீட்டில் துணி துவைத்தாள். அம்மா, நான், தம்பி மூவருக்கும் வாரத்தில் வயிறு நிறைவது அங்கே கிடைக்கும் நான்கு ரொட்டியால்தான்.

எனக்கு ஒன்பது வயது. ஒரு ஞாயிறு, ரொட்டிக் கூடையருகே நின்ற மில்காரம்மா என் தலையைப் பார்த்தார். சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தேன்.

"ரிப்பன் வாங்க வழி இருக்கு, ரொட்டிக்கு மட்டும் வழி இல்லையா?"

கேட்டுவிட்டு, அத்தனை பேர் முன்னால் அம்மாவின் கழுத்திலிருந்து வில்லையைக் கழற்றிக் கூடையில் போட்டார். அம்மா வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் துவைக்கிற வேலையும் போயிருக்கும். அந்த ரிப்பன் மில்காரம்மா வீட்டுக் குப்பையில் கிடந்தது; கேக் டப்பாவைச் சுற்றி வந்தது. அந்தக் குளிரில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. காய்ச்சலோடு மல்லுக்கட்ட வெறும் வயிற்றுக்குத் தெம்பு ஏது? நாலு வயதில் போய்விட்டான். அதன்பின் நான் தலையில் எதையும் கட்டியதில்லை.

கோயில் சாமான் அறையில் வில்லைப் பதிவேடு கிடைத்தது. யாருடைய வில்லை எதற்காகப் பறிக்கப்பட்டது, பறித்தது யார், எல்லாம் அதில் இருந்தது. தர்மவான்கள் அதையும் பெருமையாகத்தான் எழுதி வைத்திருந்தார்கள். நான் ஒரு வரி விடாமல் எடுத்து எழுதினேன். பதினேழாம் நம்பருக்குக் கீழே மட்டும் என் பங்குக்கு இரண்டு வரி சேர்த்தேன். சாமியாரிடம் முதல் மூன்று பக்கத்தை மட்டும் காட்டினேன். அவை தேன்.

விழாவில் எதையும் மூத்த கொடையாளரே வாசிப்பது எங்கள் வழக்கம். எண்பத்து மூன்று வயதிலும் மில்காரம்மா அந்த உரிமையை யாருக்கும் விட்டுத் தரமாட்டார். முன்கூட்டிப் படித்துப் பார்க்கவும் மாட்டார். புகழ்ச்சியைத் தவிர வேறெதை எவன் எழுதப் போகிறான்? அவர் கண்ணுக்கு வசதியாக இருக்கட்டும் என்று பெரிய பெரிய எழுத்தாகவே போட்டிருந்தேன்.

மூன்று பக்கம் கணீரென்று வாசித்தார். நான்காவதைத் திருப்பினார்.

"எட்டாம் நம்பர், வீட்டில் கோழி வளர்த்ததால் நீக்கம். பதினேழாம் நம்பர், மகள் ரிப்பன் கட்டியதால் நீக்கம். நீக்கியவர்..."

நின்றுவிட்டார்.

"கண்ணு மறைக்குது. சாமி, நீங்க படிங்க."

நான் எழுந்தேன். "நீங்கதாம்மா படிக்கணும். அதுதானே வழக்கம்?"

"யாரு நீ?"

"ரிப்பன் கட்டின பொண்ணு."

கடைசி வரிசையில் தச்சர் எழுந்தார். "எட்டாம் நம்பர் எங்கப்பா. அந்தக் கோழி ஒரு முட்டைகூடப் போட்டதில்லைம்மா. சத்தமா படிங்க."

"இருபத்தி மூணு எங்க அத்தை," என்றாள் ஒருத்தி. அப்புறம் இன்னொரு நம்பர். அப்புறம் இன்னொன்று. சாமியார் பாதி எழுந்து, கூட்டத்தைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

மேடையிலிருந்து இறங்க மில்காரம்மா கையை நீட்டினார். பிடிக்க ஒருவரும் வரவில்லை. எனக்கு இரக்கம் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வரவில்லை.

"நீக்கியவர் மில்காரம்மா," என்று தன்னையே யாரோ போல வாசித்தார். "ரிப்பன் அவர் வீட்டுக் குப்பையிலிருந்து எடுத்தது. பதினேழாம் நம்பர் வீட்டுப் பையன் அடுத்த மாதம் இறந்தான்."

தாளை மடிக்கப் போனார்.

"திருப்புங்கம்மா," என்றேன். "இன்னும் பதினோரு பக்கம் இருக்கு."